வெளியே காத்திருந்த நண்பன்



நம் ஒவ்வொருவர் தெருவிலும் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாய் இருக்கும். யாரும் அதை வாங்கி வளர்த்ததில்லை. ஆனாலும் தெருவிலுள்ள எல்லாரையும் அதற்குத் தெரியும். விடியற்காலைத் திருப்பலிக்குத் தனியாக நடந்துவரும் பாட்டிக்கு முன்னே பத்தடி, பின்னே பத்தடி என்று ஓடி, கோவில் வாசல்வரை கொண்டுவந்து விடும். திருப்பலி முடியும்வரை வெளியே செருப்புகளுக்கு நடுவே படுத்திருக்கும். பாட்டி கிளம்பும்போது அதுவும் எழுந்து, உடலை உதறிக்கொண்டு கூடவே கிளம்பிவிடும். இதற்கு அது பெறும் கூலி என்ன என்று பார்த்தால், பெரும்பாலும் ஒன்றுமில்லை.

இப்படிப்பட்ட ஒரு நாய், திருச்சபையின் மாபெரும் புனிதர் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றிலும் இடம்பெற்றிருக்கிறது. அவர்தான் இளையோரின் தந்தையும் ஆசிரியருமான புனித ஜான் போஸ்கோ. தொன் போஸ்கோ என்று உலகமெங்கும் அன்போடு அழைக்கப்படுபவர். அவரது வாழ்க்கையை அந்த நாயோடு சேர்த்து இன்று சிந்திப்போம்.

தந்தையை இழந்த சிறுவன்

வட இத்தாலியில் தூரின் நகருக்கு அருகே பெக்கி என்னும் சிற்றூரில், 1815-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் ஜான் போஸ்கோ பிறந்தார். ஏழை விவசாயக் குடும்பம். அவருக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே, 1817-இல் தந்தை பிரான்சிஸ் நிமோனியா காய்ச்சலால் இறந்துபோனார். தாய் மார்கரீத் எழுதப்படிக்கத் தெரியாதவர். ஆனால் செபத்திலும் உழைப்பிலும் உறுதியானவர். அவரே குடும்பத்தைத் தாங்கினார்.

ஒன்பது வயதில் ஜான் கண்ட கனவு நாம் கேள்விப்பட்டதுதான். சண்டையிட்டுக்கொண்டும் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டும் இருந்த சிறுவர் கூட்டத்தை அவர் கைகளால் அடித்து அடக்கப் பார்க்கிறார். மாட்சிமிக்க ஒருவர் தோன்றி, அடியால் அல்ல, கனிவாலும் அன்பாலுமே இவர்களை நண்பர்களாக்கிக்கொள்ள வேண்டும் என்று உணர்த்துகிறார். பிறகு ஓர் அன்னை தோன்றுகிறார். சிறுவர்கள் மறைந்து, அங்கே ஆடுகளும் நாய்களும் பூனைகளும் கரடிகளும் தெரிகின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை சாதுவான செம்மறிக் குட்டிகளாக மாறிவிடுகின்றன. அந்தக் கனவு வாழ்நாள் முழுவதும் அவர் கூடவே வந்தது.

படிக்க வேண்டும் என்ற ஆசை அவரது வீட்டில் பிரச்சினையானது. தந்தையின் முதல் மனைவியின் மகனான அண்ணன் அந்தோணிக்கு, தம்பி புத்தகத்தோடு உட்காருவது பிடிக்கவில்லை. வீட்டில் அமைதி நிலவ வேண்டும் என்பதற்காகத் தாய் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, சிறுவனான ஜானை வெளியே வேலைக்கு அனுப்பினார். மோலியா என்ற குடும்பத்தாரின் பண்ணையில் அவர் வேலைக்காரச் சிறுவனாகத் தங்கினார். வீடு இருந்தும் வீட்டுக்கு வெளியே வாழும் வலி என்ன என்பதை அவர் அந்த வயதிலேயே அறிந்துகொண்டார். பின்னர் பல வேலைகளைச் செய்துகொண்டே படித்து, 1841-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் தூரின் நகரில் குருவாக அருள்பொழிவு பெற்றார்.

சிறைக்கு வெளியே யார்?

தூரின் அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நகரம். கட்டட வேலைக்கும் புகைபோக்கி துடைப்பதற்கும் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வேலை இல்லாத நாளில் அவர்களுக்குத் தெருதான் வீடு. இளம் குருவான தொன் போஸ்கோவை, அவரது ஆன்ம வழிகாட்டியான புனித யோசேப்பு கஃபாசோ நகரச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயதுவரை உள்ள நல்ல உடற்கட்டும் கூரிய அறிவும் உடைய பிள்ளைகள், அங்கே பூச்சிக்கடியோடும் பசியோடும் சும்மா கிடந்தார்கள். விடுதலையாகிப் போனவர்கள் சில நாள்களில் மறுபடியும் உள்ளே வந்தார்கள்.

ஏன் இப்படித் திரும்பி வருகிறார்கள் என்று அவர் யோசித்தார். சிறைக்கு வெளியே அவர்களுக்காகக் காத்திருக்கும் ஒரு நண்பன் இல்லை என்பதே அவர் கண்ட விடை. அப்படி ஒருவர் வெளியே இருந்திருந்தால் இந்தப் பிள்ளைகளில் பலர் கெட்டுப்போயிருக்க மாட்டார்களே என்று எண்ணினார். தொன் போஸ்கோவின் பணி முழுவதும் இந்த ஓர் எண்ணத்திலிருந்து பிறந்தது என்றே சொல்லலாம்.

அதே 1841-ஆம் ஆண்டு டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் திருநாள். தூரினில் உள்ள புனித பிரான்சிஸ் அசிசியார் கோவிலின் சக்கிரீஸ்தில் அவர் திருப்பலிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். குளிருக்காகவோ என்னவோ ஓர் இளைஞன் உள்ளே வந்து நின்றான். பூசைக்கு உதவி செய்யச் சொன்னார் கோவில் பணியாளர். அவனுக்குத் தெரியவில்லை. உடனே அவர் கம்பை எடுத்து, தெருநாயை விரட்டுவதுபோல் அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அதைக் கண்டித்து, அவன் என் நண்பன், போய்க் கூட்டிவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதுவரை அவனை அவர் பார்த்ததே இல்லை! பர்த்தலமேயு கரேல்லி என்ற அந்தப் பதினாறு வயது இளைஞன் பெற்றோரை இழந்தவன், எழுதப்படிக்கத் தெரியாதவன். அன்று அவனோடு அருள்நிறை மரியே சொல்லித் தொடங்கிய அந்த மறைக்கல்விதான் ஆரட்டரி என்ற இளையோர் பணியின் தொடக்கம் என்று தொன் போஸ்கோ தமது நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார்.

சிறுவர்கள் நூற்றுக்கணக்கில் பெருகினார்கள். அவர்கள் போட்ட சத்தத்தைத் தாங்க முடியாமல், இடம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறச் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம், மாவு ஆலைகளின் பக்கம், வாடகை அறைகள், கடைசியில் ஒரு புல்வெளி என்று அவர் பிள்ளைகளோடு அலைந்தார். 1846-ஆம் ஆண்டு ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழா அன்று, வால்தொக்கோ பகுதியில் பினார்தி என்பவருடைய தாழ்ந்த கொட்டகை ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் அன்னை மார்கரீத், ஊரில் இருந்த வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு மகனோடு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு, மழையில் நனைந்துவந்த ஓர் அநாதைச் சிறுவனுக்கு அடுப்பங்கரையில் படுக்கை விரித்துக் கொடுத்ததில் அங்கே விடுதியும் தொடங்கியது.

இருட்டுப் பாதையில் ஒரு துணை

நன்மை செய்பவருக்கும் எதிரிகள் உண்டு. 1848-இல் நாட்டில் அரசியல் சாசனம் வந்தபின், திருச்சபைக்கு எதிரான குரல்கள் தூரினில் வலுத்தன. தொன் போஸ்கோ 1853-இல் கத்தோலிக்க வாசிப்புகள் என்ற மாத வெளியீட்டைத் தொடங்கினார். எளிய மக்களுக்கு எளிய மொழியில் விசுவாசத்தை விளக்கிய அந்தச் சிறு நூல்கள் சிலருக்கு ஆத்திரமூட்டின. அவரைக் கொல்லப் பலமுறை முயற்சிகள் நடந்தன. ஒருமுறை சிறுவர்களுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொண்டிருந்தபோது, சன்னல் வழியாகச் சுடப்பட்ட குண்டு அவரது கைக்கும் விலாவுக்கும் இடையே புகுந்து உடையைக் கிழித்துக்கொண்டு போனது.

அவரோ நோயாளிகளைப் பார்க்கவும், பிள்ளைகளுக்கு வேலை தேடவும், கடன் கேட்கவும் நகருக்குள் நடந்தே போய்வருவார். திரும்பும்போது இருட்டிவிடும். நகரின் கடைசி வீடுகளைத் தாண்டினால் வால்தொக்கோ வரை மேடு பள்ளமும் புதரும் மரங்களும்தான். ஒளிந்திருந்து தாக்க வசதியான இடம்.

1850-களின் தொடக்கத்தில் ஓர் இரவு, அந்தப் பாதையில் தனியாக வந்தவர் பெரிய நாய் ஒன்றைக் கண்டு திடுக்கிட்டார். ஓநாய் போன்ற தோற்றம். சாம்பல் நிறம். அவர் பயந்ததில் தவறில்லை. அது வெறிநாய்க்கடிக்கு மருந்தே இல்லாத காலம். லூயி பாஸ்டர் அதற்கான தடுப்பூசியை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போட்டது 1885-இல்தான். ஆனால் அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு அருகில் வந்தது. தடவிக் கொடுத்தார். ஆரட்டரி வாசல்வரை கூடவே நடந்துவந்து திரும்பிப் போய்விட்டது. அதன்பின் அவர் தனியாக வரும் இரவுகளில், கடைசி வீடுகளைத் தாண்டியதும் எங்கிருந்தோ அது வந்து சேர்ந்துகொள்ளும். சாம்பல் நிறத்தான் என்று பொருள்படும் கிரிஜோ என்ற பெயரை அவர் அதற்கு வைத்தார்.

1854 நவம்பர் மாதக் கடைசி. மூடுபனியும் மழையுமாக இருந்த ஓர் இரவு. தமக்கு முன்னே இருவர் போவதை அவர் கவனித்தார். அவர் மெதுவாக நடந்தால் அவர்களும் மெதுவாக நடந்தார்கள். அவர் விரைந்தால் அவர்களும் விரைந்தார்கள். திரும்பிப் போக நினைப்பதற்குள் அவர்கள் பாய்ந்து வந்து, ஒரு போர்வையை அவர் தலைமேல் போட்டு வாயை அடைத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கிரிஜோ உறுமிக்கொண்டு வந்து இருவர்மேலும் பாய்ந்தது. கொல்ல வந்தவர்கள், நாயைக் கூப்பிட்டுக்கொள்ளுமாறு கொல்லப்பட இருந்தவரிடமே கெஞ்சினார்கள். இனி வழியில் போகிறவரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் நாயை அழைத்தார். அது உடனே விட்டுவிட்டது. அவர்கள் ஓடிப்போனார்கள். கிரிஜோ அவரோடு கொத்தலெங்கோ இல்லம்வரை வந்தது. அங்கே அவர் சற்று இளைப்பாறியபின் ஆரட்டரிவரை துணைக்கு வந்தது.

இன்னொரு மாலை அவர் ஒரு வேலையாக வெளியே கிளம்பியபோது, கிரிஜோ வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டு அவரை வெளியே விடவில்லை. அவர் தாண்டப் பார்த்தால் உறுமியது. இருட்டில் போக வேண்டாம் என்று முன்பே தடுத்துப் பார்த்த அன்னை மார்கரீத், என் பேச்சைக் கேட்காவிட்டாலும் இந்த நாயின் பேச்சையாவது கேள், உன்னைவிட அதற்குப் புத்தி அதிகம் என்ற பொருளில் மகனைக் கடிந்துகொண்டார். அவர் போகவில்லை. கால் மணி நேரத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஓடிவந்து, சிலர் அவரைத் தாக்கக் காத்திருப்பதாக எச்சரித்தார்.

உள்ளத்தைத் தொடும் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒரு நாள் மாலை கிரிஜோ ஆரட்டரிக்குள்ளேயே வந்துவிட்டது. சிறுவர்களில் சிலர் பயந்து அதை அடிக்கவும் கல்லெறியவும் முற்பட்டார்கள். ஆரட்டரியின் முதல் பிள்ளைகளில் ஒருவரான புசெத்தி அவர்களைத் தடுத்து, இது தொன் போஸ்கோவின் நாய் என்றார். உடனே எல்லாரும் அதைத் தடவிக் கொடுத்து, அவர் இரவு உணவு அருந்திக்கொண்டிருந்த அறைக்கு அழைத்துச் சென்றார்கள். அன்று அவர் தெரிந்த ஒருவரின் வண்டியில் வீடு திரும்பியிருந்தார். வழியில் அவரைக் காணாத கிரிஜோ, வந்து சேர்ந்துவிட்டாரா என்று பார்க்க வந்ததுபோல் இருந்தது. சூப்பும் ரொட்டியும் இறைச்சியும் வைத்தார்கள். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேசைமேல் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. பிறகு சிறுவர்கள் வழிவிட, இருட்டுக்குள் போய்விட்டது.

1866-இல் ஓர் இரவு, தாம் சிறுவயதில் வேலை செய்த அதே மோலியா குடும்பத்தாரின் வீட்டுக்கு அவர் தனியாக நடந்து போனார். கிரிஜோ இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்த நேரத்தில் அது வந்து சேர்ந்தது. அந்த வீட்டு நாய்களோடு சண்டை வராதபடி அதை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். சாப்பாட்டுக்குப்பின் அதற்கு உணவு கொண்டுபோனபோது கதவும் சன்னலும் சாத்தியபடியே இருந்தன. நாயைக் காணவில்லை. வயது முதிர்ந்த காலத்தில், 1883-இலும் இத்தாலியின் கடலோரத்தில் மழை இரவு ஒன்றில் வழி தவறியபோது அதே தோற்றமுள்ள நாய் முன்னே நடந்து வழிகாட்டியதாக அவரது வரலாற்றில் காண்கிறோம்.

நமக்கு என்ன சொல்கிறது?

கிரிஜோ வானதூதரா, வெறும் நாயா? இதை விசுவாசச் சத்தியமாக ஏற்கும்படி திருச்சபை யாரையும் கேட்கவில்லை. தொன் போஸ்கோவும் அதன் உரிமையாளர் யார், எங்கிருந்து வந்தது என்று துருவவில்லை. ஆபத்து வேளைகளில் அது தமக்கு இறைவனின் பராமரிப்பாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டார். தோபித்து நூலில் தோபியாவும் வானதூதர் இரபேலும் பயணம் போகும்போது ஒரு நாயும் கூடப் போனதாக வாசிக்கிறோம். அந்த நாய் பேசவில்லை, புதுமை செய்யவில்லை. கூடப் போனது, அவ்வளவுதான். ஆனால் விவிலியம் அதைச் சொல்லாமல் விடவில்லை.

கூட நடப்பதே பெரிய பணி என்பது முதல் பாடம். பிறருக்கு உதவப் பணம் வேண்டும், பதவி வேண்டும் என்று நாம் காத்திருக்கிறோம். கிரிஜோ செய்ததெல்லாம் இருட்டான பாதையில் வாசல்வரை கூட வந்ததுதான். மருத்துவமனைக்குத் தனியாகப் போகும் பக்கத்து வீட்டுக்காரரோடு நாம் போயிருக்கிறோமா?

கணக்குப் பார்க்காத அன்பு இரண்டாவது பாடம். வைத்த உணவைத் தொடாமல் போன அந்த நாய், செய்த உதவிக்கு மறுநாளே நன்றியை எதிர்பார்க்கும் நம்மை வெட்கப்பட வைக்கிறது.

மூன்றாவது, நிறுத்தத் தெரிந்த வலிமை. பகைவனைக் கீழே தள்ளியபின் பல்லை விடுவிப்பது எளிதல்ல. குடும்பச் சண்டையிலும் அன்பியத்தில் வரும் மனஸ்தாபத்திலும், எதிரி தோற்றபின்னும் நாம் கடிப்பதை விடுவதில்லை. கிரிஜோ ஒரு குரலுக்கு விட்டுவிட்டது. அந்தக் குரலோ தம்மைக் கொல்ல வந்தவர்களை மன்னித்தவரின் குரல்.

நான்காவது, குறுக்கே படுக்கும் துணிவு. உண்மையான நண்பன் எல்லாவற்றுக்கும் வாலாட்ட மாட்டான். மதுக்கடைக்குக் கிளம்பும் நண்பனின் வழியில் குறுக்கே படுக்கவும், அவன் உறவே போனாலும் உறுமவும் நமக்குத் துணிவு வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று உண்டு. ஊர் மக்களின் பார்வையில் தொன் போஸ்கோவின் பிள்ளைகளும் அந்த நாயும் ஒன்றுதான். இருவருக்கும் கேட்பார் இல்லை. இருவரையும் பார்த்தால் கை கல்லைத் தேடும். அவர் ஒருவர்தான் இருவரையும் பெயர்சொல்லி அழைத்தார். சிறைக்கு வெளியே பிள்ளைகளுக்கு ஒரு நண்பன் இல்லையே என்று கலங்கிய அவருக்கு, இருட்டில் வெளியே ஒரு நண்பனை இறைவன் நிறுத்தி வைத்தார். கைவிடப்பட்டவர்களை ஏற்றவரைக் காக்க, யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றையே இறைவன் அனுப்பினார். நம் வாசலில் நிற்பவரை விரட்டும்போது, இறைவன் நமக்காக அனுப்பிய துணையைத்தான் விரட்டுகிறோமோ என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

தெருநாய்க் கடியால் இன்று எத்தனையோ பேர் துன்புறுகிறார்கள் என்பதை மறுக்கவில்லை. நாய்களுக்குத் தடுப்பூசியும், கடிபட்டவருக்கு உடனடிச் சிகிச்சையும் கட்டாயம் தேவை. ஆனால் நம் பேருந்து நிலையங்களிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் படுத்துறங்கும் சிறுவர்களைப் பார்க்கும் பார்வைக்கு எந்தத் தடுப்பூசியும் இல்லை. அங்கே மனமாற்றம்தான் மருந்து.

தொன் போஸ்கோ 1859-இல் சலேசிய சபையைத் தொடங்கினார். 1888-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1934-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று திருத்தந்தை பதினோராம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரது பிள்ளைகள் 1906-ஆம் ஆண்டு ஜனவரியில் நம் தமிழ் மண்ணுக்கு, தஞ்சாவூருக்கு வந்தார்கள். இந்தியாவில் அவர்களது பணி தொடங்கியது அங்கேதான். அநாதைச் சிறுவர்களுக்கு வெளியே காத்திருக்கும் நண்பர்களாக இன்றும் அவர்கள் உழைக்கிறார்கள்.

இந்த வாரம் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, வாசலைச் சற்றுப் பாருங்கள். அங்கே யாராவது உள்ளே வரத் தயங்கி நிற்கலாம். பூசைக்கு உதவத் தெரியாத ஒரு கரேல்லியாக அவன் இருக்கலாம். அவனை என் நண்பன் என்று சொல்லி அழைக்கும் மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.